மருந்தின் விலையும் மனிதனின் உயிரும்: பேராசிரியர் சேனக பிபிலேயை நினைவுகூரல்

மட்டக்களப்பிலிருந்து மலைநாட்டை நோக்கிப் புறப்படுபவர்கள் செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பி, கரடியனாற்றையும் மகாஓயாவையும் கடந்து சென்றால், ஊவாவின் மலைகள் தொடங்கும் வாசலில் பிபிலை என்ற ஊரை அடைவார்கள். வாவிக்கரை மக்களுக்கு அது அந்நியமான வழியன்று. மோட்டார் வாகனங்கள் வருவதற்கு நெடுங்காலம் முன்பே எமது கரையோரத்து முஸ்லிம் வணிகர்கள் பொதிமாடுகளில் உப்பையும் கருவாட்டையும் ஏற்றிக்கொண்டு, தவளம் கட்டி, இக்காட்டுவழிகளினூடாக வெல்லஸ்ஸ பிரதேசத்து ஊர்களுக்குச் சென்று வந்தனர். கரைக்கும் மலைக்கும் இடையே நிலவிய அந்தப் பழைய கொடுக்கல் வாங்கலில் பிபிலையும் ஒரு தரிப்பிடமாக இருந்தது.

அவ்வூரின் பெயரைத் தன் பெயரோடு சுமந்த ஒருவர், இந்நாட்டின் ஏழை நோயாளி ஒவ்வொருவருக்கும் செய்துவிட்டுப் போன உதவியை இன்று எம்மில் எத்தனை பேர் அறிவோம்? அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் ஸ்தாபகத் தலைவரும், இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியருமான சேனக பிபிலே காலமாகி அரை நூற்றாண்டு நெருங்குகின்றது. மருந்துத் தட்டுப்பாடும், மருந்துக் கொள்வனவில் முறைகேடு பற்றிய வழக்குகளும் எமது செய்தித்தாள்களை நிறைத்த அண்மைய ஆண்டுகளின் பின்னணியில், அம்மனிதரின் வாழ்வை மீட்டுப்பார்ப்பது வெறும் அஞ்சலிக் கடமையாக முடிந்துவிடாது.

1920 பெப்ரவரி 13ஆம் திகதி பிறந்த சேனக பிபிலே, ஊவாவின் பெயர்பெற்ற நிலவுடைமைக் குடும்பமொன்றின் வாரிசு. வளவு வீட்டின் வசதியும், கண்டி திரித்துவக் கல்லூரியின் ஆங்கிலக் கல்வியும் அவருக்கு இயல்பாகவே வாய்த்தன. கொழும்பில் மருத்துவம் பயின்று உயர்ந்த பெறுபேறுகளுடன் வெளியேறிய அவர், விரும்பியிருந்தால் தலைநகரில் செல்வந்த நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவராகத் தம் வாழ்வை அமைத்துக்கொண்டிருக்கலாம். அவருடைய தலைமுறையைச் சேர்ந்த கெட்டிக்காரர்கள் பலர் சென்ற பாதை அதுவே. அவரோ அதனை விடுத்து, அப்போது இந்நாட்டில் எவரும் பெரிதாகக் கருதாத மருந்தியலைத் தமது துறையாக ஏற்றார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் அத்துறையில் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்று 1952இல் நாடு திரும்பினார். 1958இல் இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியரானார்.

இளமையிலேயே இடதுசாரிச் சிந்தனையால் ஈர்க்கப்பட்டு லங்கா சமசமாஜக் கட்சியில் இணைந்தவர் அவர். ஆயினும் மேடைப் பேச்சாளராகவோ, தேர்தல் வேட்பாளராகவோ அல்லாமல், தம் அரசியல் நம்பிக்கையைத் தாம் கற்ற தொழிலுக்குள் வைத்தே சோதித்துப் பார்த்தவர் என்பதுதான் அவரது தனித்தன்மை. சமத்துவம் என்ற பெரிய சொல்லுக்கு மருந்துச் சீட்டில் என்ன பொருள் என்பதே அவர் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்த வினா எனலாம்.

அவ்வினாவின் ஆழத்தை உணர வேண்டுமானால், மருந்து வியாபாரத்தின் இயல்பைச் சற்று விளங்கிக்கொள்வது அவசியம். ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று அம்மருந்தின் பொதுப்பெயர். மற்றையது கம்பனி சூட்டும் வணிகப்பெயர். காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் நாம் விழுங்கும் பரசிட்டமோல் என்பது பொதுப்பெயர். பனடோல் என்பது அதற்கு ஒரு கம்பனி இட்ட பெயர். இதே மருந்தை வேறு பத்துக் கம்பனிகள் வேறு பத்துப் பெயர்களில், வேறு பத்து விலைகளில் விற்கலாம். உள்ளே இருப்பது ஒரே சரக்குத்தான். கம்பனியின் பிரதிநிதி மருத்துவரைச் சந்தித்துத் தமது பெயரை அவர் மனதில் பதியவைக்கிறார். மருத்துவர் அப்பெயரைச் சீட்டில் எழுதுகிறார். மருந்துக்கடைக்காரர் அதனையே எடுத்துக் கொடுக்கிறார். எதைத் தெரிவுசெய்வது என்று அறியாத, தெரிவுசெய்யும் உரிமையும் இல்லாத நோயாளி மட்டுமே பணத்தைச் செலுத்துகிறார். மற்றைய பொருட்களையெல்லாம் விலை கேட்டு, பேரம் பேசி வாங்கும் எமது மக்கள், மருந்துக்கடையில் மாத்திரம் வாய்மூடி நிற்பது ஏன் என்பது இதிலிருந்து புலனாகும்.

இதற்கு மேலான இன்னொரு சூட்சுமமும் உண்டு. பல்தேசியக் கம்பனியின் உள்ளூர்க் கிளை, தனக்குத் தேவையான மூலப்பொருளைத் தனது தாய்க் கம்பனியிடமிருந்தே இறக்குமதி செய்யும். அந்த மூலப்பொருளுக்குச் சந்தையில் நிலவும் விலையைவிடப் பன்மடங்கு கூடிய விலை கணக்கில் காட்டப்படும். இலாபம் உள்ளூர்க் கணக்கேட்டில் தெரியாது. அந்நியச் செலாவணியாக நாட்டைவிட்டு அமைதியாக வெளியேறிவிடும். ஒரு சிறிய நாட்டின் திறைசேரிக்கு இது எத்தகைய குருதிப்பெருக்கு என்பதை விளக்கத் தேவையில்லை.

பிபிலே இதற்கான மாற்றை விரிவுரை மண்டபத்தில் இருந்தே ஆரம்பித்தார். அரச வைத்தியசாலைகளில் பயன்படுத்தப்படவேண்டிய மருந்துகள் எவை என்பதை விஞ்ஞான அடிப்படையில் தெரிந்தெடுத்துப் பட்டியலிடும் பணி 1950களின் இறுதியில் தொடங்கியபோது, அதன் மூளையாக விளங்கியவர் அவரே. எந்த மருந்துக்கு என்ன பயன், என்ன பக்கவிளைவு, என்ன விலை என்பதை மருத்துவர்களுக்குக் கம்பனியின் பிரதிநிதி அல்லாத ஒருவர் எடுத்துச் சொல்லவேண்டும் என்று கருதி, அதற்கென வெளியீடுகளையும் உருவாக்கினார். பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடாதிபதியாகப் பொறுப்பேற்று, மருத்துவக் கல்வியையே ஓர் ஆய்வுத்துறையாகக் கருதும் புதிய மரபை அங்கு வேரூன்றச் செய்தார். சிங்கள, தமிழ், முஸ்லிம் மாணவர் பல தலைமுறையினர் அவரிடமும் அவர் வளர்த்தவர்களிடமும் மருந்தியல் கற்று வெளியேறினர்.

1970இல் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்க தலைமையில் ஐக்கிய முன்னணி ஆட்சிக்கு வந்தது. கருவூலம் வற்றியிருந்த காலம் அது. மருந்து இறக்குமதிக்குச் செல்லும் அந்நியச் செலாவணியைக் குறைக்கும் வழியை ஆராயும் பணி, கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரும் தாமே ஒரு மருத்துவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவிடமும் பேராசிரியர் பிபிலேயிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1971 மார்ச்சில் அவர்கள் சமர்ப்பித்த அறிக்கையே பின்னாளில் உலகின் பல நாடுகள் திரும்பிப்பார்த்த இலங்கையின் மருந்துக் கொள்கைக்கு அடிக்கல்லாயிற்று. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோற்றம் பெற, அதன் தலைமைப் பொறுப்பு பிபிலேயைத் தேடி வந்தது. ஆசிரியராக அதுவரை எழுதியதையும் கற்பித்ததையும், நிர்வாகியாகச் செய்துகாட்டவேண்டிய சந்தர்ப்பம் அது.

அவர் வகுத்த திட்டம் எளிமையானது, ஆனால் உறுதியானது. முதலாவதாக, தேவையற்ற மருந்துகளையும் ஒன்றின் நகலான மற்றொன்றையும் நீக்கி, தனியார் சந்தைக்கு வந்துகொண்டிருந்த சுமார் 2,100 மருந்துகளை ஏறக்குறைய 600 ஆகக் குறைத்தார். இரண்டாவதாக, மருந்துகளை நாடு முழுவதற்குமாக மொத்தமாகக் கணக்கிட்டு, உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி, தரமும் விலையும் பொருந்திவரும் இடத்தில் வாங்கினார். மேற்குலகக் கம்பனிகளோடு கிழக்கு ஐரோப்பாவும் இந்தியாவும் போட்டிக்கு வந்தபோது விலைகள் தாமாகவே இறங்கின. மூன்றாவதாக, உள்ளூரில் மாத்திரை தயாரிக்கும் கம்பனிகளுக்கான மூலப்பொருட்களையும் கூட்டுத்தாபனமே வாங்கி வழங்கும் முறையைக் கொண்டுவந்தார். தாய்க் கம்பனியிடமிருந்து கூடிய விலைக்கு வாங்கும் சூட்சுமம் அத்தோடு அடைபட்டது. நான்காவதாக, வணிகப்பெயரின் ஆதிக்கத்தை ஒழித்து, பொதுப்பெயரையே மருத்துவரும் கடைக்காரரும் பயன்படுத்தும் நிலையை நோக்கி நகர்ந்தார். இவற்றையெல்லாம் ஒரே நாளில் திணிக்காமல், படிப்படியாகவே அமுல்படுத்தினார் என்பது அவரது நிர்வாக முதிர்ச்சிக்குச் சான்றாகும்.

எதிர்ப்பு எழாமல் இருக்குமா? வியாபாரம் இழந்தோர் எதிர்த்ததில் வியப்பில்லை. மருத்துவர்களில் ஒரு சாராரும், தாம் விரும்பிய மருந்தை எழுதும் சுதந்திரம் பறிக்கப்படுவதாகக் குறைகூறினர். மலிவான மருந்து தரமற்றதாகவே இருக்கும் என்ற சந்தேகம் விதைக்கப்பட்டது. அச்சந்தேகம் இன்றுவரை எமது மக்களின் மனங்களிலிருந்து முழுமையாக நீங்கவில்லை. அரச நிறுவனங்களுக்கே உரிய தாமதங்களும் இடையிடையே ஏற்பட்ட தட்டுப்பாடுகளும் எதிர்ப்பாளருக்கு வாய்ப்பாயின என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. தரத்தைச் சோதிக்கும் ஆய்வுகூட வசதி போதியளவு இல்லாத ஒரு நாட்டில், மலிவான மருந்தை நம்பும்படி மக்களிடம் கேட்பது எளிதான காரியமன்று என்பதை அவர் அறிந்தே இருந்தார்.

மிகக் கடுமையான சோதனை கொலராவின் வடிவில் வந்தது. 1970களின் முற்பகுதியில் அந்நோய் நாட்டில் பரவியபோது, டெட்ராசைக்கிளின் மருந்து பெருமளவில் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் மேற்கு ஜேர்மனியின் ஹெக்ஸ்ட் கம்பனியிடம் குறைந்த விலைக்கு வாங்கிவைத்திருந்த மூலப்பொருளை மருந்துறைகளில் அடைத்துத் தருமாறு, இங்கு தொழிற்சாலை வைத்திருந்த அமெரிக்க பைசர் கம்பனியிடம் கேட்கப்பட்டது. அது நிறைவேறவில்லை. மூலப்பொருள் கையில் இருந்தும், தயாரித்த மருந்தை விமானத்தில் கூடிய செலவில் தருவிக்கவேண்டிய நிலை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. அக்கம்பனியை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபோது, அமெரிக்கத் தூதுவர் பிரதமரிடம் தலையிட்டதாகவும், யோசனை அத்தோடு கைவிடப்பட்டதாகவும், பொருளியலாளர் சஞ்சய லாலுடன் இணைந்து பிபிலே எழுதிய ஆய்வு பதிவுசெய்கின்றது. பஞ்சமும் கடனும் சூழ்ந்திருந்த ஓர் அரசு, மருந்துக்காகத் தன் உணவு உதவியைப் பணயம் வைக்கத் துணியவில்லை என்றே அந்நிகழ்வை விளங்கிக்கொள்ள முடிகின்றது. சிறிய நாடொன்றின் இறைமைக்கு எல்லை எங்கே வரையப்படுகின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இந்த இடத்தில் தமிழ் வாசகர் ஒருவரின் மனதில் எழக்கூடிய நியாயமான கேள்வியொன்றை நாம் தவிர்த்துச் செல்ல விரும்பவில்லை. பிபிலே பணியாற்றிய அதே ஐக்கிய முன்னணி அரசாங்கமே பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொண்டுவந்தது. அவர் சார்ந்திருந்த சமசமாஜக் கட்சியின் மூத்த தலைவர் கொல்வின் ஆர். டி. சில்வாவின் பொறுப்பிலேயே, சிறுபான்மையினருக்கான 29ஆம் பிரிவின் காப்பை நீக்கிய 1972ஆம் ஆண்டின் குடியரசு யாப்பு உருவாயிற்று. ஒரு காலத்தில் மொழிச் சமத்துவத்துக்காக உரத்துக் குரல்கொடுத்த கட்சி, ஆட்சியில் பங்காளியானபோது எங்கு போய் நின்றது என்பதை எமது மக்கள் மறக்கவில்லை, மறக்கவேண்டியதும் இல்லை. அந்த ஆட்சியில் கற்கும் வாய்ப்பை இழந்த தமிழ் மாணவனின் தந்தையே, அந்த ஆட்சியின் மருந்துக் கொள்கையால் மலிவான மாத்திரையை வாங்கினார் என்பது எமது வரலாற்றின் முரண். ஒரு கையால் பறித்ததை மறு கையால் கொடுத்ததாகக் கணக்கை நேர்செய்ய முடியாது. ஆயினும் பறித்த கையையும் கொடுத்த கையையும் வேறுபடுத்தி அறிவதே நேர்மையான வரலாற்று நோக்காகும். பிபிலே கொண்டுவந்த விலைக்குறைப்பு மொழி பார்க்கவில்லை, மதம் பார்க்கவில்லை. காத்தான்குடியின் நெசவாளிக்கும், படுவான்கரையின் வயல்கூலிக்கும், பிபிலையின் சேனைப் பயிர்ச்செய்கையாளனுக்கும் அது ஒரே விலையாகவே இருந்தது.

1975இல் சமசமாஜக் கட்சி கூட்டரசாங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டதும், கூட்டுத்தாபனத்தில் அவருடைய காலமும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1976இல் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகவேண்டி வந்தது. ஆனால் நாடு கைவிட்டதை உலகம் ஏந்திக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொழும்பில் கூடிய அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு, மருந்துகள் தொடர்பான தீர்மானமொன்றை நிறைவேற்றியது. ஐக்கிய நாடுகளின் வர்த்தக, அபிவிருத்தி அமைப்பு அவருடைய அனுபவத்தை வளர்முக நாடுகளுக்குப் பயன்படுத்த விரும்பியது. அப்பணியின் நிமித்தம் தென் அமெரிக்காவின் கயானாவில் இருந்தபோது, 1977 செப்டெம்பர் 29ஆம் திகதி, தமது 57ஆவது வயதில் அவர் திடீரென மரணமடைந்தார்.

அவர் மறைந்த சில வாரங்களில், 1977 ஒக்டோபரில், உலக சுகாதார ஸ்தாபனத்தின் நிபுணர் குழு கூடி, அத்தியாவசிய மருந்துகளின் முதலாவது பட்டியலை வகுத்தது. தேவையான மருந்துகள் சிலவே. அவை எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்ற அந்தக் கருத்தை இலங்கை ஏற்கனவே நடைமுறையில் காட்டியிருந்தது. 1982இல் பங்களாதேஷ், டொக்டர் சபருல்லா சௌத்ரி போன்றோரின் முயற்சியால், அதே திசையில் துணிச்சலான மருந்துக் கொள்கையொன்றைக் கொண்டுவந்தது. பயனற்றனவும் தீங்கானவையுமான மருந்துகள் பெருந்தொகையாக அங்கு நீக்கப்பட்டன. இன்று தனக்குத் தேவையான மருந்தில் மிகப் பெரும்பகுதியைத் தானே உற்பத்திசெய்து, பிற நாடுகளுக்கும் ஏற்றுமதி செய்கின்ற நாடாக பங்களாதேஷ் உயர்ந்துள்ளது. முன்னே நடந்த நாமோ, இன்னமும் மருந்தில் பெரும்பகுதியை இறக்குமதி செய்துகொண்டிருக்கின்றோம்.

1977இன் பின்னர் வந்த திறந்த பொருளாதாரம், தனியார் சந்தைக்கான மருந்து இறக்குமதியில் கூட்டுத்தாபனத்துக்கு இருந்த ஏகபோக உரிமையை நீக்கியது. ஆட்சிகள் மாறின, பிபிலேயின் பெயர் மேடைகளில் மட்டும் மாறாமல் ஒலித்தது. அவரது கொள்கையைச் சட்டமாக்குவதாகத் தேர்தல் தோறும் வாக்களிக்கப்பட்டது. 2005இல் தேசிய மருந்துக் கொள்கை அங்கீகரிக்கப்பட்டும், அதற்குச் சட்ட வடிவம் கிடைக்கப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை உருவானபோது, நீண்டநாட் கனவு நனவானதாகப் பலரும் நம்பினர்.

அந்த நம்பிக்கை நீடித்ததா? 2022இல் நாடு கடனில் மூழ்கியபோது, அவர் பீடாதிபதியாக இருந்த பேராதனையிலேயே, மருந்தில்லாத காரணத்தால் போதனா வைத்தியசாலையின் வழமையான சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் மருந்துக் கொள்வனவு விவகாரம் வெடித்தது. அது தொடர்பில் முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். குற்றம் யாருடையது என்பதைத் தீர்மானிக்கவேண்டியது நீதிமன்றமே. ஆனால் நோயாளியின் நரம்பில் ஏறும் மருந்தையும் நம்பமுடியாத நிலைக்கு ஒரு நாடு வந்துவிட்டது என்பதை உணர நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. சட்டமும் இருக்கின்றது; அதிகாரசபையும் இருக்கின்றது; கூட்டுத்தாபனமும் இருக்கின்றது. பிபிலே அந்தக் கதிரையில் அமர்ந்தபோது தம்மோடு கொண்டுவந்த நேர்மையும் துறை அறிவும் அங்கு இருந்தனவா என்பதே கேள்வி.

உயர் பதவி என்பது கையெழுத்திடும் அதிகாரம் என்று கருதுபவர்கள் எல்லா ஆட்சிகளிலும் இருந்துள்ளனர். அதனை வேண்டாதவற்றுக்கு மறுப்புச் சொல்லும் பொறுப்பாகக் கருதியவர் பிபிலே. எந்த மருந்தை வாங்குவது என்பதைவிட, எதை வாங்காமல் விடுவது என்பதைத் தீர்மானிக்கவே அதிக அறிவும் அதிக துணிவும் வேண்டும். அந்த அறிவைப் பெற அவர் இருபது ஆண்டுகள் செலவிட்டார். துணிவைச் செலுத்தக் கிடைத்த காலமோ ஐந்து ஆண்டுகள் மட்டுமே.

வாவியின் இருகரை மக்களும் இதனை வேறெவரையும்விட நன்கு உணரக்கூடியவர்கள். யுத்த காலத்தில் படுவான்கரைக்கு மருந்து கொண்டுசெல்வதற்குத் தடைகளும் சோதனைகளும் இருந்த நாட்களை நினைவில் வைத்திருப்போர் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். ஒரு பக்கெட் மாத்திரையின் பெறுமதி என்ன என்பதை அவர்களுக்குப் புத்தகத்தில் கற்பிக்கவேண்டியதில்லை. இன்றும் காலையில் முதல் பஸ்ஸில் ஏறி மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு வரும் முதியவர், மருந்து இங்கில்லை, வெளியே வாங்குங்கள் என்ற துண்டுச் சீட்டோடு வெளியேற நேர்கின்றபோது, அச்சீட்டில் எழுதப்பட்டிருப்பது பொதுப்பெயரா, வணிகப்பெயரா என்பதே அவரது அன்றைய நாட்கூலியின் விதியைத் தீர்மானிக்கின்றது.

எமது வாசகர்களால் இன்றே செய்யக்கூடிய சிறு காரியம் ஒன்று உண்டு. அடுத்தமுறை மருத்துவரிடம் செல்லும்போது மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தருமாறு பணிவோடு கேளுங்கள். மருந்துக்கடையில் அதே மருந்தின் விலை குறைந்த வகை உள்ளதா என்று விசாரியுங்கள். அது எமது உரிமை. எமது பாராளுமன்றப் பிரதிநிதிகளும் அபிவிருத்திக் கூட்டங்களில் புதிய கட்டடங்களைக் கேட்பதோடு நின்றுவிடாமல், கிழக்கின் வைத்தியசாலைகளுக்கு வந்த மருந்து எவ்வளவு, வராதது எவ்வளவு, ஏன் வரவில்லை என்பதையும் கேட்கவேண்டும்.

பதுளை வீதி இன்று திறந்திருக்கின்றது. செங்கலடியிலிருந்து பிபிலைக்கு இப்போது சில மணிநேரப் பயணந்தான். அவ்வழியால் வந்து போகும் எமது மக்களில் ஒருசிலராவது, அவ்வூரின் பெயர்ப்பலகையைக் காணும்போது, தமது மருந்துப் பையின் பாரத்தைக் குறைக்கப் பாடுபட்ட மனிதரை நினைத்துக்கொள்வார்களாயின், அதுவே அவருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.